மதில் இல்லாத பூங்கா: நுவரெலியா சீசனும் நமது கல்லாப்பெட்டியும்

பாடசாலை விடுமுறை வந்தால் கடைக்காரனுக்கு இரண்டு கவலை. கடையையும் பார்க்க வேண்டும், பிள்ளைகளையும் எங்காவது கூட்டிப்போக வேண்டும். ஹட்டனில் கடை வைத்திருக்கும் எனக்கு நுவரெலியா தூரமில்லை. தலவாக்கலை வழியாக ஏறினால் காலையில் போய் இரவு வீடு வந்து சேரலாம். ஆனாலும் ஏப்ரல் மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டுப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஏப்ரலில் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் போனோம். நானும் மனைவியும், மகளும் மருமகனும், ஆறு வயது, நான்கு வயதுப் பேரப்பிள்ளைகள் இருவரும், எட்டு மாதக் கைக்குழந்தையும்.

மூத்த பேரன் வெளிநாட்டுத் தீம் பார்க் படங்களைப் போனில் பார்த்துப் பழகியவன். கிரகரி வாவியின் படகுகளையும் குதிரைகளையும் தூரத்தில் கண்டதும், "இதன் கேட் எங்கே? எங்கே டிக்கட் எடுத்தால் எல்லாவற்றிலும் ஏறலாம்?" என்று கேட்டான். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் வியாபாரி என்ற முறையில் அந்தக் கேள்வி என் மனதைவிட்டுப் போகவில்லை. சீசன் வியாபாரத்தின் இலாபமும் நட்டமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன. இந்த வாரம் அதைத்தான் நமது வியாபாரச் சகோதரர்களோடு பேச நினைக்கிறேன்.

ஒரே நாளில் பதினான்கு முதலாளிகள்

எதையும் எழுதிவைப்பது என் பழக்கம். அன்றும் சட்டைப்பைக் கொப்பியில் குறித்தேன். வேன் நிறுத்த ஓரிடம், வாவிக்கரைக்குள் போக ஓரிடம், படகுக்கு, அவித்த சோளத்துக்கு, பலூனுக்கு, விக்டோரியா பூங்கா டிக்கட்டுக்கு, உள்ளே ஓடும் சின்ன ரயிலுக்கு, பகல் சாப்பாட்டுக்கு, கழிப்பறைக்கு, பிள்ளைகளின் குளிர் உடுப்புக்கு, விளையாட்டுச் சாமானுக்கு, கச்சானுக்கு, தேநீருக்கு, குதிரைக்கு என்று மொத்தம் பதினான்கு இடங்களில் பணம் கொடுத்தோம். பதினான்கும் பதினான்கு பேரின் கைக்குப் போனது.

இவற்றுள் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்கு முன் கைக்குழந்தை பாலுக்கு அழுதது. குளிர் உடுப்பு விற்கும் ஒரு கடைக்காரர், நாங்கள் எதையும் வாங்காமலே தன் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் தந்தார். மகள் உட்கார்ந்து பால் கொடுக்க உள்ளே ஒரு கதிரையும் போட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் பெரிய பிள்ளைகள் இருவரும் தொப்பியும் கையுறையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டு சுவெட்டரும் இரண்டு தொப்பியும் வாங்கினோம். சிறியவளுக்குக் கையுறை பெரிதாக இருந்ததால், "இது வேண்டாம், பிள்ளைக்குக் கழன்றுவிடும்" என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். திரும்பும்போது உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் அவரிடமே வாங்குவது என்று மகள் முடிவு செய்தாள்.

மாலையில் குதிரைச் சவாரி. ஏறும்போது ஒரு விலை சொன்ன சவாரிக்காரர், இறங்கும்போது வேறு விலை சொன்னார். தூரம் கூடிவிட்டதாம், இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கச் சண்டை பிடிக்க முடியுமா? கேட்டதைக் கொடுத்தோம். மகள் முகம் கறுத்துவிட்டது. "போதும் வாப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அதோடு நாள் முடிந்தது. மனைவி மரக்கறி வாங்க நினைத்திருந்தாள், வாங்கவில்லை. ஸ்ட்ரோபெரி வாங்கவில்லை. அந்த நல்ல மனிதரின் கடைக்கும் திரும்பிப் போகவில்லை. சவாரிக்காரருக்குக் கிடைத்த மேலதிகப் பணம் சிறு தொகை. எங்கள் கையிலிருந்து வராமல் போன பணம் அதைப்போல் பல மடங்கு. அந்த நட்டத்தைச் சுமந்தவர்கள் அவருக்கு முகம் தெரியாத மரக்கறிக்காரரும் உடுப்புக் கடைக்காரரும்!

மதில் உள்ள பூங்கா எப்படி உழைக்கிறது?

இதே நாள் மதில் கட்டிய தீம் பார்க்குக்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1955 ஜூலை மாதம் வால்ட் டிஸ்னி தன் டிஸ்னிலாண்டைத் திறந்தார். தொடக்கத்தில் உள்ளே போக 1 டொலர், ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு என்பதுதான் முறை. பிறகு டிக்கட் புத்தகம் வந்தது. சிறிய சவாரிக்கு ஏ, பெரிய சவாரிக்கு ஈ என்று தரம் பிரித்தார்கள். 1982இல் அதையும் விட்டுவிட்டு, வாசலில் ஒரே டிக்கட், உள்ளே எதிலும் ஏறலாம் என்று மாற்றினார்கள்.

காரணம் எளிது. இராட்டினத்தில் ஒரு பிள்ளை இருந்தாலும் இருபது பிள்ளைகள் இருந்தாலும் அதைச் சுற்றும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. பெரிய செலவு நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் சம்பளத்துக்கும் முன்கூட்டியே போய்விடுகிறது. ஆகவே கூட்டம் வர வேண்டும், வந்த கூட்டம் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒவ்வொரு சவாரிக்கும் தகப்பன் பையில் கை விட்டால் ஒவ்வொரு முறையும் மனம் கணக்குப் பார்க்கும், பிள்ளை அழும், தாய் சலிப்பாள். வாசலிலேயே ஒரு முறை கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறந்துவிடும். அதன்பின் சாப்பாட்டுக்கும் தொப்பிக்கும் பொம்மைக்கும் மனம் தாராளமாகச் செலவழிக்கும்.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. கேரளத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்து விற்ற கொச்சௌசேப் சிற்றிலப்பிள்ளி, 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலாண்ட் பூங்காவைத் தொடங்கினார். 2005இல் பெங்களூரில் வொண்டர்லா வந்தது. அங்கும் வாசல் டிக்கட்தான் அடிப்படை. கூட்டமில்லாத நாட்களை நிரப்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் குழு டிக்கட் கொடுக்கிறார்கள். சும்மா சுற்றும் இராட்டினத்தில் பாதி விலைக்கு ஒரு பிள்ளை ஏறினாலும் அது வரவுதான்.

ஆனால் டிக்கட்டைவிட முக்கியமான பாடம் வேறொன்று. மதிலுக்குள் அந்த நாள் முழுவதற்கும் ஒரே சொந்தக்காரர். குதிரைக்காரன் பிள்ளையின் தாயை மனம் நோகச் செய்தால், சாப்பாட்டுக் கடையில் குறையும் விற்பனையும் அதே சொந்தக்காரரின் பையில்தான் குறையும். அதனால்தான் அவர் கழிப்பறையைக் கழுவுகிறார், விலையை எழுதிப் போடுகிறார், குப்பையைப் பொறுக்குகிறார். அதில் தரும சிந்தனையைவிடக் கணக்குத்தான் அதிகம்.

மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அங்கே உழைப்பு உண்டு. டிஸ்னி முதலில் வாங்கியது தோடம்பழத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர்தான். திறந்த சில வருடங்களில் சுற்றிவரத் தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்து நன்றாக உழைத்தன. அந்த உழைப்பு தன் கையைவிட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. அடுத்த பூங்காவுக்காக ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கரைத் தன் பெயர் வெளியே தெரியாமல் வாங்கினார். அது திறந்தது 1971இல், அவர் இறந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகு. ஒரு குடும்பத்தின் விடுமுறைப் பணத்தில் சவாரிக்குப் போவதைவிடப் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் போவது குறைவானதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம்மைப் போன்ற சிறு வியாபாரியின் பங்கும் அங்கேதான் இருக்கிறது.

நமக்குக் கிடைத்த இலவசப் பூங்கா

இனி நுவரெலியாவுக்கு வருவோம். ஹக்கலைப் பூங்கா 1861இல் சின்கோனா பயிரிடத் தொடங்கியது. கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் வந்தது. குதிரைப் பந்தயத் திடல் 1875இல் அமைந்தது. ரயில் 1885இல் நானுஓயாவை எட்டியது. விக்டோரியா பூங்காவுக்கு மகாராணியின் வைர விழா ஆண்டான 1897இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் குளிர் அல்லாஹ் கொடுத்தது. சுற்றிவரப் பச்சை விரித்ததுபோல் தேயிலை நிற்பது தோட்டத் தொழிலாளரின் தலைமுறை தலைமுறையான உழைப்பு.

சுருக்கமாகச் சொன்னால், கோடிக்கணக்கில் கொட்டிக் கட்ட வேண்டிய பூங்கா நமக்குக் கட்டிமுடித்தே கிடைத்திருக்கிறது. மதில்தான் இல்லை. மதில் இல்லாததால் முழு நாளுக்கும் பொறுப்பாளியும் இல்லை. ஆளாளுக்குத் தன் பங்கை மட்டும் பார்க்கிறோம். "இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை, கிடைத்தவரை வாங்கு" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

விலை ஏற்றத் தூண்டும் கணக்கு

சீசன் கடைக்காரர் ஏன் விலையை ஏற்றுகிறார்? அவரையும் திட்டிவிட்டுப் போக முடியாது, அவரது கணக்கையும் பார்க்க வேண்டும். பேச்சுக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு மாத இட வாடகை 1,50,000 ரூபா, இரண்டு பையன்களின் சம்பளமும் சாப்பாடும் 1,20,000 ரூபா, மின்சாரமும் லொறிக் கூலியும் 30,000 ரூபா என்று வைத்தால் மொத்தம் 3,00,000 ரூபா. விற்பனையில் நூற்றுக்கு 25 மிஞ்சுகிறது என்றால், செலவை மட்டும் எடுக்கவே 12,00,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். முப்பது நாளும் ஒரேமாதிரி விற்றால் நாளுக்கு 40,000 ரூபா. ஆனால் உண்மையான கூட்டம் பன்னிரண்டு நாட்கள்தான் என்றால் அந்த நாட்களில் 1,00,000 ரூபா வீதம் விற்றாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 12 இலட்சத்துக்கு விற்க 9 இலட்சத்துக்குச் சாமான் போட்டிருப்பார். எல்லாம் விற்றுத் தீர்ந்தால் முதலுக்கு மோசமில்லை, அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு தேங்கினால் 1,20,000 ரூபா கையில் குறையும், 90,000 ரூபாச் சாமான் மூட்டையில் கிடக்கும். அந்தப் பயம்தான் விலையை ஏற்றச் சொல்கிறது. சாமான் வட்டிப் பணத்தில் வந்திருந்தால் பயம் இரட்டிப்பாகும்.

ஆகவே நேர்மையாக விற்க வேண்டும் என்றால் அந்த நேர்மை கொள்முதலிலேயே தொடங்க வேண்டும். ஏப்ரலில் மட்டும் விலைபோகும் சாமானை வாங்காதீர்கள். ஹட்டன் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பாவா ஆதம் மலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை நடக்கிறது. அங்கே விற்ற சுவெட்டரில் மிஞ்சியது ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகும். ஏப்ரலில் மிஞ்சியது டிசம்பரில் மறுபடி நல்லதண்ணிக்குப் போகும். வருடம் எழுதிய தொப்பியும் சீசன் பெயர் போட்ட பொம்மையும் அப்படிப் போகா.

ஒரு மாதத்தை நம்பினால்...

கடந்த சில வருடங்கள் நமக்குப் புகட்டிய பாடம் கசப்பானது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. சீசன் ஒரே நாளில் முடிந்தது. அதன்பின் குற்றமே செய்யாத எத்தனை முஸ்லிம் கடைகளின் படிகளில் வாடிக்கையாளர் ஏறாமல் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2021 ஏப்ரலில் கூட்டம் வந்தது, மே மாதமே பயணத்தடையும் வந்தது. 2022 ஏப்ரலில் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின, வீதிகளும் மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன.

இதில் எதையும் நம்மால் தடுத்திருக்க முடியாது. ஆனால் வருட வருமானம் முழுவதையும் ஒரு மாதத்தின் மேல் வைக்காதிருப்பது நமது கையில் உள்ளது. அதற்கு நாட்காட்டியைப் பாருங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானை ஒட்டி விடுமுறை. பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், 2023இல் ஏப்ரல் 22இல் வந்த நோன்புப் பெருநாள் 2025இல் மார்ச் 31க்கு வந்துவிட்டது. இனி அது இன்னும் முன்னே போகும். சீசனுக்குள் அடங்கியிருந்த நமது குடும்பங்களின் பெருநாள் பயணம் சீசனுக்கு முன்னே தனியாக வரப்போகிறது. ஹஜ்ஜுப் பெருநாளோ 2029இல் ஏப்ரல் கடைசி வாரத்தை எட்டும், இன்ஷா அல்லாஹ். இவற்றோடு ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளையும் வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையும் சேர்த்துக் குறித்து வைத்தால், வருடத்துக்கு ஒரு பெரிய சீசனுக்குப் பதிலாக நான்கைந்து சிறிய சீசன்கள் தெரியும்.

செய்யக்கூடிய சில காரியங்கள்

முதலாவது, விலையை எழுதிப் போடுங்கள். விலைப் பட்டியலைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் உள்ளது. சட்டத்துக்காக அல்ல, பிள்ளையோடு வரும் தாய்க்காக எழுதுங்கள். விலை தெரிந்தால் அவள் பயமின்றிப் படியேறுவாள்.

இரண்டாவது, பிள்ளைகளின் தேவையைக் கவனியுங்கள். குடும்பத்தின் நாளைத் தீர்மானிப்பது மிகச் சிறிய பிள்ளைதான். அது அழுதால் எல்லோரும் வேனுக்குத் திரும்பிவிடுவார்கள். சுடுதண்ணீர், உட்கார ஒரு கதிரை, துப்புரவான கழிப்பறை, தொழ ஓரிடம் ஆகியவை உங்கள் கடையில் இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கே உண்டு என்று காட்டவாவது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து செலவைப் பங்கிட்டால் கழிப்பறையைப் பராமரிப்பது பெரிய காரியமல்ல.

மூன்றாவது, கொடுத்து விற்கப் பழகுங்கள். 2000களில் லபுக்கலையில் மக்வுட்ஸ் நிறுவனத்தார் தேயிலை ஆலையைக் காசு வாங்காமல் சுற்றிக் காட்டினார்கள். சுற்றிப் பார்த்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து தேநீரும் சொக்லட் கேக்கும் சாப்பிட்டு, தேயிலைப் பெட்டியும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த இடம் பிறகு டம்ரோ நிறுவனத்தின் கைக்கு மாறியும் பயணிகள் இறங்கும் இடமாகவே இருக்கிறது.

நான்காவது, கூட்டாகச் சேருங்கள். படகுக்காரரும் சவாரிக்காரரும் சோளக்காரரும் சேர்ந்து ஒரே விலையில் ஒரு பிள்ளைக்கான டிக்கட் போட்டுப் பார்க்கலாம். வரவை மாலையில் பிரித்துக்கொள்ளலாம். மதில் இல்லாமலே மதிலின் நன்மை கிடைக்கும். யாராவது ஏமாற்றினால் மற்ற இருவரும் கேட்பார்கள்.

ஐந்தாவது, தோட்டத்து மக்களுக்குச் சீசன் விலை சொல்லாதீர்கள். சம்பளம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வரும் அந்தக் குடும்பம்தான் ஊரடங்கிலும் வரிசைக் காலத்திலும் நமது கடைகளைக் காப்பாற்றியது. கொழும்புக் குடும்பம் ஏப்ரலில் வரும், போகும். அவர்கள் பன்னிரண்டு மாதமும் நம்மோடு இருப்பவர்கள். அவர்களின் பிள்ளைக்கும் ஒரு நாள் படகேற ஆசை இருக்கும்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றிக் குர்ஆனில் அல்-முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. தராசில் குறைப்பது மட்டும் குறைப்பதல்ல. ஏறும்போது ஒரு விலை, இறங்கும்போது ஒரு விலை என்பதும் அதே வகைதான். அதிலே வரும் பணத்தில் பரக்கத் இராது என்பதை மார்க்கம் சொல்கிறது. அது அடுத்த கடைக்காரரின் பணத்தையும் சேர்த்து எடுத்துப் போய்விடுகிறது என்பதை அன்று என் கொப்பி சொன்னது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இன்று எது பிடித்தது என்று பேரனைக் கேட்டேன். படகு என்பான், குதிரை என்பான் என்று எதிர்பார்த்தேன். "தம்பிக்குச் சுடுதண்ணீர் தந்த மாமாவின் கடை" என்றான். கேட் எங்கே என்று காலையில் கேட்டவனுக்கு மாலையில் அது தெரிந்துவிட்டது. சகோதரர்களே, இந்த மலைநாட்டுப் பூங்காவின் கேட் நம் ஒவ்வொருவரின் கடைவாசல்தான். வருபவர் மறுபடி வருவாரா இல்லையா என்பதும் அந்த வாசலில்தான் முடிவாகிறது. வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.